டிரக்குக்குப் புது ஏர் இன்டேக்: வாங்குவோருக்குச் சில குறிப்புகள்

அமெரிக்காவில் பிக்கப் டிரக் வாங்கியவர்கள் முதலில் மாற்றிப் பார்க்கும் பாகங்களில் ஏர் இன்டேக்கும் ஒன்று. ஹூடைத் திறந்ததும் கண்ணில் படும். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் ஒரு மதியத்துக்குள் மாட்டி முடித்துவிடலாம். மாட்டியதும் எஞ்சின் சத்தம் மாறும், செலவழித்த காசுக்கு ஏதோ நடந்துவிட்டது என்று மனம் நம்பும். முழு கிட் ஒன்று பெரும்பாலும் 250 முதல் 500 டாலர் வரை ஆகிறது. வேலைக்குப் போக, மரச்சாமான் ஏற்ற, விடுமுறையில் டிரெய்லர் இழுக்க என்று எஃப்-150, சில்வராடோ, ராம், டகோமா ஓட்டும் குடும்பங்களுக்காக எழுதியவை இவை. பந்தயத்துக்கு வண்டி தயாரிப்பவர்களின் கணக்கு வேறு.

1. கடைக்குப் போகும் முன் இப்போதிருக்கும் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். "வண்டி முன்போல இழுக்கவில்லை" என்ற புகாருக்கு மரக்கிளை, காய்ந்த இலை, எலி கட்டிய கூடு, கறுத்துப்போன பேப்பர் ஃபில்டர் இவற்றில் ஒன்றே காரணமாக இருக்கலாம். நல்ல பேப்பர் ஃபில்டர் இருபது முப்பது டாலருக்குக் கிடைக்கும். அதை மாற்றி ஒரு வாரம் ஓட்டிப் பார்த்த பிறகும் ஆசை தீரவில்லை என்றால் மேலே படியுங்கள்.

2. "கோல்ட் ஏர் இன்டேக்" என்று பெட்டிமேல் அச்சிட்டிருப்பதால் உங்கள் வண்டியில் இப்போது இருப்பது சூடான காற்றை இழுக்கிறது என்று எண்ண வேண்டாம். இன்றைய டிரக்குகள் பெரும்பாலானவற்றில் கம்பெனி பெட்டியே கிரில்லுக்குப் பின்னாலிருந்தோ, முன்சக்கரத்தின் மேலுள்ள ஃபெண்டர் இடுக்கிலிருந்தோ வெளிக்காற்றைத்தான் எடுக்கிறது. குளிர்ந்த காற்று நல்லது என்பதில் சந்தேகமில்லை: 30 டிகிரி செல்சியஸில் இருக்கும் காற்று 60 டிகிரிக்குச் சூடானால் அதன் அடர்த்தி ஏறத்தாழ 9 விழுக்காடு குறைகிறது. நல்ல கம்பெனி பெட்டியை எடுத்துவிட்டு, எஞ்சின் பக்கத்தில் திறந்த கூம்பு ஃபில்டரை வைத்தால் இந்த 9 விழுக்காட்டை நாமே காசு கொடுத்து இழக்கிறோம்.

3. இன்டேக்கால் எவ்வளவு லாபம் வரும் என்பதை வாங்குவதற்கு முன்பே அளந்துவிடலாம். ராம் கம்மின்ஸ், ஃபோர்டு சூப்பர் டூட்டி போன்ற டீசல் வண்டிகளில் ஃபில்டர் பெட்டியிலோ குழாயிலோ ஒரு சிறிய அடைப்புமானி இருக்கும். ஃபில்டரைத் தாண்டியபின் காற்றழுத்தம் எவ்வளவு விழுகிறது என்பதை நீர்மட்ட அங்குலத்தில் காட்டும். உள்ளேயிருக்கும் மஞ்சள் வளையம் தான் தொட்ட உச்ச அளவிலேயே நின்றுவிடும், பொத்தானை அழுத்தினால் பழைய இடத்துக்குத் திரும்பும். பொதுவாக 25 அங்குலத்தை எட்டினால் ஃபில்டரை மாற்ற வேண்டும். பெட்ரோல் டிரக்கிலும் இதைத் தனியாக வாங்கிப் பொருத்தலாம், விலை அதிகமில்லை.

இதை வைத்து ஒரு கணக்குப் போடுங்கள். வளிமண்டல அழுத்தம் முழுவதும் சேர்ந்து சுமார் 407 அங்குல நீர்மட்டம். உங்கள் வண்டி முழு ஆக்ஸிலரேட்டரில் மேடேறும்போது மானி 10 அங்குலம் காட்டினால், ஃபில்டரும் பெட்டியும் சேர்ந்து தின்பது இரண்டரை விழுக்காடு. அந்தத் தடையை அடியோடு நீக்கினால்கூட 400 குதிரைத்திறன் வண்டிக்குப் பத்துதான் கூடும். எந்த இன்டேக்காலும் தடையை அடியோடு நீக்க முடியாது. மானி 5 அங்குலமே காட்டினால் பணத்தை டயருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

4. விளம்பரத்தில் "15 குதிரைத்திறன் வரை" என்று வந்தால் "வரை" என்ற சொல்லை இரண்டு முறை படியுங்கள். அந்த எண் எஞ்சினின் உச்சச் சுழற்சியில், ஏதோ ஒரு புள்ளியில் வந்திருக்கும். எஞ்சின் திறனை அளக்கும் டைனோ மேடையில் ஹூடைத் திறந்துவைத்து எதிரே பெரிய மின்விசிறி ஓட விட்டால் திறந்த ஃபில்டர்கூட நல்ல பெயர் வாங்கிவிடும். சாலையில் ஹூட் மூடியிருக்கும். கீழே 2,000 சுழற்சியிலிருந்து மேலே வரை முழு வளைகோட்டையும், ஹூட் மூடி அளந்ததா என்ற விவரத்தையும் வெளியிடும் தயாரிப்பாளரையே நம்பலாம்.

5. 5.3 லிட்டர் வி8 எஞ்சின் 5,500 சுழற்சியில், சிலிண்டர்கள் முழுதாக நிரம்பினால், நிமிடத்துக்குச் சுமார் 14,500 லிட்டர் காற்றைக் குடிக்கும். 2,000 சுழற்சியில் அதன் உச்ச அளவே 5,300 லிட்டர்தான். நெடுஞ்சாலையில் சீராகப் போகும்போது த்ராட்டில் பாதிக்குமேல் மூடியிருப்பதால் அந்த அளவும் போகாது. ஆக, நீங்கள் ஓட்டும் நேரத்தில் பெரும்பகுதிக்குப் பெரிய குழாயின் தேவையே எழாது. டிரெய்லரோடு மலையேறுபவருக்கு மட்டும் மேல்சுழற்சிக் கணக்கு கொஞ்சம் பொருந்தும்.

6. மைலேஜ் கூடும் என்று நம்பி வாங்காதீர்கள். ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் அமெரிக்க எரிசக்தித் துறைக்காக இதைச் சோதித்தது. கணினி கட்டுப்பாட்டில் எரிபொருளைப் பீய்ச்சும் பெட்ரோல் வண்டிகளில் ஃபில்டர் அடைத்திருந்தால் வேகமெடுப்பது தாமதமாகிறது, ஆனால் எரிபொருள் செலவில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை என்பது முடிவு. காரணம் எளிது. உள்ளே வரும் காற்றை அளந்து அதற்கேற்பத்தான் கணினி பெட்ரோலை விடுகிறது. சீரான ஓட்டத்தில் த்ராட்டில் தகடே பெரிய தடையாக நிற்கிறது, ஃபில்டர் தடை அதன்முன் சிறியது. அடைத்துப்போன ஃபில்டரை மாற்றியே கூடாத மைலேஜ், சுத்தமான ஃபில்டருக்குப் பதில் வேறொரு சுத்தமான ஃபில்டர் வைத்தால் எப்படிக் கூடும்? மாறாக, புதுச் சத்தம் கேட்கும் ஆசையில் ஆக்ஸிலரேட்டரை மிதித்து மைலேஜைக் குறைத்துக்கொள்பவர்களே அதிகம்.

7. ஃபில்டரின் முதல் வேலை தூசியைத் தடுப்பது. காற்றை எளிதாக விடுவது அதற்கு அடுத்ததுதான். இந்த வரிசையை விற்பனையாளர்கள் தலைகீழாக்கிச் சொல்வார்கள். ஒரு ஃபில்டர் 99 விழுக்காடு தூசியைப் பிடிக்கிறது, இன்னொன்று 97 விழுக்காடு. கேட்கும்போது இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலத் தோன்றும். எஞ்சினுக்குள் போவதைக் கணக்கிட்டால் முதலாவதில் ஒரு பங்கு, இரண்டாவதில் மூன்று பங்கு. பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் அரைப்பது இந்த உள்ளே போகும் பங்குதான். கண்ணுக்குத் தெரியும் மணலைவிட, பத்து மைக்ரான் அளவில் எண்ணெய்ப் படலத்துக்குள் நுழைந்துவிடும் நுண்தூசியே மோசம்.

நகரத் தார்ச்சாலையில் மட்டும் ஓடும் வண்டிக்கு இந்த வித்தியாசம் பல ஆண்டுகளுக்குத் தெரியாமலே போகலாம். மேற்கு டெக்ஸஸ் எண்ணெய் வயல் பகுதியின் சரளைப் பாதையிலோ, அரிசோனாவின் புழுதிப் புயலிலோ தினமும் ஓடினால் கதை வேறு. அங்கே வசிப்பவருக்கு என் யோசனை ஒன்றுதான்: நல்ல பேப்பர் ஃபில்டர், அடிக்கடி மாற்றம்.

8. தயாரிப்பாளரிடம் ஐஎஸ்ஓ 5011 சோதனை அறிக்கை கேளுங்கள். ஏர் ஃபில்டர்களுக்கான பன்னாட்டுச் சோதனை முறை இது. தடை எவ்வளவு, தூசி பிடிக்கும் திறன் எவ்வளவு, அடைபடும் முன் எத்தனை கிராம் தூசி தாங்கும் என்று மூன்றையும் அளக்கும். சோதனைக்குப் பயன்படும் தூசிக்குக்கூடத் தரம் உண்டு. ஃபீனிக்ஸ் நகரை ஒட்டிய சால்ட் ரிவர் பள்ளத்தாக்கின் மண்ணிலிருந்து வந்த "அரிசோனா தூசி"தான் அதன் மூலம். அறிக்கையில் நுண்தூசி, பருந்தூசி இரண்டில் எதை வைத்துச் சோதித்தார்கள் என்று பாருங்கள். பருந்தூசியில் எல்லா ஃபில்டரும் முதல் மாணவன்தான்.

9. எண்ணெய் தடவிய பருத்தித்துணி ஃபில்டரா, உலர் செயற்கை இழை ஃபில்டரா என்ற விவாதம் பழையது. கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் 1969இல் தொடங்கிய கே அண்டு என் நிறுவனம் எண்ணெய்ப் பருத்தியைப் பரவலாக்கியது. அந்த வகை காற்றை நன்றாக விடும், கழுவித் திரும்பப் பயன்படுத்தலாம். குறை இரண்டு: எண்ணெயைச் சரியான அளவில் தடவத் தெரிய வேண்டும், அதிகமானால் பின்னாலிருக்கும் காற்றளவு சென்சாரில் படியும். உலர் ஃபில்டரைத் தட்டி, கழுவி, காயவைத்து மாட்டினால் போதும். வீட்டில் தானே பராமரிப்பவருக்கு உலர் வகையே நிம்மதி என்பது என் கருத்து.

10. மூடிய பெட்டி உள்ள கிட்டையே எடுங்கள். மூன்று பக்கம் தகடு வைத்து, மேல்பக்கத்தை ஹூடின் அடியில் ரப்பர் பட்டையால் அடைக்கும் வகையும் உண்டு. அந்த ரப்பர் ஹூடில் சரியாக உட்காராவிட்டால் ரேடியேட்டர் வெப்பம் நேரே உள்ளே போகும். பட்டைமேல் சுண்ணாம்புத்தூள் தடவி ஹூடை மூடித் திறந்து பாருங்கள். தூள் ஒட்டாத இடம்தான் ஓட்டை.

11. அலுமினியக் குழாய் பளபளக்கும், பிளாஸ்டிக் குழாய் சாதாரணமாக இருக்கும். முழு வேகத்தில் காற்று அந்தக் குழாயைக் கடக்க எடுக்கும் நேரம் நொடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, அதற்குள் பெரிதாகச் சூடேறாது. நெரிசலில் நின்று நின்று போகும்போது மட்டும் உலோகம் வெப்பத்தைப் பிடித்துக்கொள்ளும். பிளாஸ்டிக்கே போதும்.

12. காற்றளவு சென்சார் இருக்கும் வண்டியா என்று தெரிந்துகொள்ளுங்கள், இந்தக் குறிப்பு எல்லாவற்றையும்விட முக்கியம். பெரும்பாலான பெட்ரோல் டிரக்குகளில் ஃபில்டருக்குப் பின்னால், குழாயின் நடுவில், சூடேற்றிய மெல்லிய கம்பியோ படலமோ கொண்ட சென்சார் இருக்கும். கடந்து போகும் காற்று அதை எவ்வளவு குளிர்விக்கிறது என்பதை வைத்துக் கணினி காற்றின் எடையைக் கணிக்கிறது. கணக்கு முழுவதும் அந்த இடத்தில் குழாயின் உள்விட்டம் இவ்வளவு என்ற அனுமானத்தில் நிற்கிறது.

80 மில்லிமீட்டர் குழாய்க்குப் பதில் 84 மில்லிமீட்டர் குழாய் வந்தால் பரப்பு 10 விழுக்காடு கூடுகிறது. அதே அளவு காற்று மெதுவாக நகரும். சென்சார் குறைத்துச் சொல்லும். கணினி பெட்ரோலைக் குறைக்கும். சாதாரண ஓட்டத்தில் ஆக்ஸிஜன் சென்சார் இதைக் கண்டுபிடித்துத் திருத்திவிடும். திருத்தம் எல்லை மீறினால் "செக் எஞ்சின்" விளக்கு எரியும், பி0171, பி0174 என்ற குறியீடுகள் வரும். எஞ்சினுக்குப் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். முழு ஆக்ஸிலரேட்டரில் அந்தத் திருத்தத்தை அவ்வளவாக நம்ப முடியாது, எஞ்சினுக்கு ஆபத்தும் அப்போதுதான். ஆகவே சென்சார் உட்காரும் இடத்தில் கம்பெனி விட்டத்தை அப்படியே வைத்திருக்கும் கிட்டையே வாங்குங்கள். "டியூன் கட்டாயம்", அதாவது கணினியின் கணக்கை மாற்றியே ஆக வேண்டும் என்று சொல்லும் கிட் அன்றாட வண்டிக்கு வேண்டாம். ராம் 5.7 ஹெமி போன்றவற்றில் இந்தச் சென்சாரே இல்லை, அழுத்தத்தை வைத்துக் கணக்கிடும். அவற்றுக்கு விட்டப் பிரச்சினை வராது.

13. எஃப்-150 ஈகோபூஸ்ட் போன்ற டர்போ வண்டிகளில் காற்று டர்போவில் அழுத்தப்பட்டு, பிறகு இன்டர்கூலரில் குளிர்ந்துதான் எஞ்சினுக்குள் போகிறது. அதனால் குளிர்க்காற்று வாதத்துக்கு வலு குறைவு. தூசி வாதத்துக்கு வலு அதிகம்: நிமிடத்துக்கு லட்சம் சுழற்சிக்கு மேல் சுழலும் டர்போ சக்கரத்தின் விளிம்பை மணல் தின்றுவிடும். டீசல் டிரக்குகளிலும் டர்போ இருப்பதால் டீசல்காரர்கள் ஃபில்டர் விஷயத்தில் கஞ்சத்தனம் பார்க்கவே கூடாது.

14. கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் காற்றுவள வாரியத்தின் அனுமதி உத்தரவு எண் இருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். எண் அச்சிட்ட ஸ்டிக்கர் கிட்டோடு வரும். அதை ஹூடுக்கு அடியில், பார்த்ததும் தெரியும் இடத்தில் ஒட்டுங்கள். புகைச் சோதனைக்காரர் முதலில் தேடுவது அதைத்தான். இல்லாவிட்டால் வண்டி எவ்வளவு சுத்தமாகப் புகைவிட்டாலும் தேறாது. உத்தரவு குறிப்பிட்ட மாடலுக்கும் ஆண்டுக்கும் எஞ்சினுக்கும் மட்டும் செல்லும். 2018 வண்டிக்கான எண்ணைக் காட்டி 2021 வண்டியில் மாட்ட முடியாது. வேறு மாநிலத்தில் இருந்தாலும் இந்த எண் உள்ளதையே வாங்குவது நல்லது. சான்ஹொசேக்கு வேலை மாறுவது நம்மவர்களுக்குப் புதிதா என்ன!

15. "இன்டேக் மாட்டினால் வாரண்டி போய்விடும்" என்று டீலர் மிரட்டினால் பயப்பட வேண்டாம். 1975ஆம் ஆண்டின் மேக்னசன்–மாஸ் வாரண்டிச் சட்டப்படி, வெளிப் பாகம் மாட்டியிருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக முழு வாரண்டியையும் மறுக்க முடியாது. அந்தப் பாகத்தால்தான் பழுது வந்தது என்று அவர்கள் காட்ட வேண்டும். கதவுக் கண்ணாடி மோட்டாருக்கும் இன்டேக்குக்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஃபில்டர் எண்ணெய் படிந்து சென்சார் கெட்டால் அந்தச் செலவு உங்கள் தலையில் விழ வாய்ப்புண்டு. ரசீதையும், மாட்டிய தேதி, மைல் கணக்கையும் குறித்து வையுங்கள்.

16. தண்ணீர் விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். சில கிட்டுகள் ஃபில்டரைக் கம்பெனி இடத்தைவிடக் கீழே, பம்பர் பக்கம் இறக்கும். ஹூஸ்டன் போல மழைக்குச் சாலை குளமாகும் ஊரில் அதை எடுக்காதீர்கள். எஞ்சின் ஒரு மடக்குத் தண்ணீரை இழுத்தால் போதும். தண்ணீரை அழுத்த முடியாததால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

உயரக் குழாய், அதாவது ஸ்னார்க்கெல் மாட்டினால் ஆற்றில் இறங்கலாம் என்று நினைப்பதும் தவறு. ஆஸ்திரேலியாவில் ஹைலக்ஸ் பிக்கப் ஓட்டுபவர்கள் அதை மாட்டுவதில் பாதிக் காரணம், முன்னால் போகும் வண்டி கிளப்பும் புழுதிக்கு மேலே சுத்தமான காற்றுக் கிடைக்கும் என்பதே. டொயோட்டா 2019 டகோமா டிஆர்டி புரோவில் தந்த உயரக் குழாயும் பாலைவனப் புழுதிக்கானதுதான், நீரைக் கடக்க அல்ல என்று நிறுவனமே சொல்லிவிட்டது. பெட்டியிலும் இணைப்புகளிலும் நீர் புகாத அடைப்பு இல்லாமல் குழாயை மட்டும் உயர்த்திப் பயனில்லை.

17. சத்தம் பிடிக்கும் என்பதற்காக வாங்குகிறீர்களா? தாராளமாக வாங்குங்கள், அது நேர்மையான காரணம். கம்பெனிக் குழாயில் முண்டுமுண்டாக இருக்கும் வெற்று அறைகள் உறிஞ்சும் ஓசையை அடக்குவதற்காக வைத்தவை. புதுக் குழாயில் அவை இல்லாததால்தான் உறுமல் கேட்கிறது. வீட்டில் தூங்கும் குழந்தையும் அதிகாலை ஷிஃப்டும் இருந்தால் ஒருமுறை யோசியுங்கள்.

18. மாட்டும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிடுங்கள். சென்சாரைக் கழற்றியதும் அதன் கம்பியை விரலால் தொடாதீர்கள், ஊதவும் வேண்டாம். தேவைப்பட்டால் அதற்கென்றே விற்கும் ஸ்பிரேயை மட்டும் பயன்படுத்துங்கள். பிரேக் கிளீனர் கூடாது. த்ராட்டில் வாயைச் சுத்தமான துணியால் மூடிவைத்தால் நட்டு உள்ளே விழாது, ஆனால் துணியை எடுக்க மறக்கக் கூடாது. கிராங்க்கேஸ் காற்றுக் குழாய் புதுக் குழாயில் இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கே கசிந்தால் அளக்கப்படாத காற்று உள்ளே போய் அதே "செக் எஞ்சின்" விளக்கு எரியும். சிலிக்கோன் இணைப்புகள் சூடேறி ஆறும்போது தளரும். சில நாள் ஓட்டியபின் எல்லாக் கிளாம்ப்புகளையும் மறுபடி முடுக்குங்கள்.

19. ஓராயிரம் மைல் ஓடியதும் ஃபில்டரைத் தாண்டிய குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். பழுப்புத் தூசி ஒட்டினால் ஃபில்டர் விடுகிறது, அல்லது அதன் கழுத்தில் இடைவெளி இருக்கிறது. இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமானால் ஆயில் மாற்றும்போது பழைய ஆயிலைக் கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பலாம். இண்டியானாவின் பிளாக்ஸ்டோன் போன்ற கூடங்கள் தபாலிலேயே இதைச் செய்து தருகின்றன. அறிக்கையில் சிலிக்கான் அளவைப் பாருங்கள். மண்ணின் முக்கியப் பொருள் சிலிக்கான் என்பதால், இன்டேக் மாட்டிய பின் அது ஏறி, கூடவே இரும்பும் ஏறியிருந்தால் புழுதி எஞ்சினை அரைக்கத் தொடங்கிவிட்டது. அண்மையில் கேஸ்கெட் பசை பூசி வேலை செய்திருந்தால் அதனாலும் சிலிக்கான் கூடும், அதையும் கணக்கில் கொள்ளுங்கள். மாட்டும் முன்பே ஒரு சோதனை செய்து வைத்தால்தான் ஒப்பிட முடியும்.

20. ஃபில்டரை அடிக்கடி கழுவாதீர்கள். மெல்லிய தூசிப்படலம் சேரச் சேர ஃபில்டரின் பிடிக்கும் திறன் கூடுகிறது, புத்தம் புதிதாக இருக்கும்போதுதான் அது மிகக் குறைவு. அடைப்புமானி சொல்லும் வரை விடுங்கள். கழுவும்போது உள்ளிருந்து வெளிப்பக்கமாகக் குழாய்த்தண்ணீரை மெதுவாக விடுங்கள். கம்ப்ரெஸர் காற்று இழைகளைக் கிழித்துவிடும். வெயிலில் வாட்டாமல் நிழலில் உலர்த்துங்கள். ஈரத்தோடு மாட்டுவதைவிட ஒரு நாள் வண்டி ஓட்டாமல் இருப்பது மேல்.

21. கழற்றிய கம்பெனி பெட்டி, குழாய், கிளாம்ப், திருகு எல்லாவற்றையும் ஒரே அட்டைப்பெட்டியில் போட்டு, வண்டியின் மாடலையும் ஆண்டையும் எழுதி கராஜ் பரணில் வையுங்கள். லீஸ் வண்டியைத் திருப்பும்போதும், விற்கும்போதும் கேட்பார்கள். மாட்டிய கிட்டைத் தனியாக விற்றால் பாதி விலையாவது வரும். பெட்டியின் வாய்களை டேப் ஒட்டி மூடிவிடுங்கள், எலிக்குப் பரணும் ஹூடும் ஒன்றுதான்.